நிகர சுன்னம்

நகராட்சியின் கணக்குப் பிரிவில் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் பொறுப்பில் தயாராகி மன்றத்தின் முன் வைக்கப்பட்ட எந்த வரவுசெலவுத் திட்டத்தின் பின்னாலும் தப்பொப்புச் சீட்டு ஒட்டப்பட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

தப்பொப்பு என்பது எங்கள் அலுவலகச் சொல். பட்ஜெட் புத்தகம் அச்சாகி உறுப்பினர்களின் கைக்குப் போன பிறகு பிழை ஏதேனும் தென்பட்டால், இன்ன பக்கத்தில் இன்னது தப்பு, இன்னது சரி என்று ஒரு துண்டுத் தாளில் அச்சடித்துக் கடைசிப் பக்கத்தில் ஒட்டுவார்கள். தெலுங்கில் அதற்குத் தப்பொப்புலு என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் அதை இளஞ்சிவப்புத் தாளில் அடிப்பது வழக்கம். ஓரம் சற்று வெளியே நீண்டிருக்கும். பதிவறை அலமாரியில் ஆண்டுவாரியாக அடுக்கியிருக்கும் புத்தகங்களைப் பார்த்தால், எனக்கு முன்னும் பின்னும் இருந்தவர்களின் காலத்தவை நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். என் காலத்தவை வாயை மூடிக்கொண்டு நிற்கும்.

ஆகவே, அண்மையில் சித்தூரில் ஒரு திருமண மண்டபத்தில், "சுண்ணாம்பு பட்ஜெட் போட்ட சார் இவர்தான்" என்று பழைய சக ஊழியர் ஒருவர் என்னைத் தம் சம்பந்திக்கு அறிமுகம் செய்துவைத்தபோது, சுற்றியிருந்தவர்கள் சிரித்ததை நான் பொருட்படுத்தவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். நடந்தது ஒன்று, சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே அலுவலகங்களில் இப்போது உலவும் கதை வேறொன்று. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நகராட்சியின் பெயரையும் மனிதர்களின் பெயர்களையும் எழுதவில்லை. அது என் பணிக்காலத்து ஒழுக்கம்.

எல்லை மண்டலம் ஒன்றில், தமிழ் பேசும் வேளாண் குடும்பத்தில் பிறந்தவன் நான். திருப்பதியில் வணிகவியல் பட்டம் பெற்றேன். வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்கும் மேலிடத்துக் கடிதங்களில் ஆங்கிலமுமாக வாழ்ந்தேன். என் தெலுங்கில் பிழை காட்டியவர் எவரும் இலர். அதைத் தாய்மொழியாகக் கொண்ட மேலாளர்களே தங்கள் குறிப்புகளை என்னிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வார்கள். ஓய்வுக்குப் பின் திருப்பதியில் வீடு கட்டிக் குடியேறினேன். நான் கடைசியாகப் பணியாற்றிய ஊர் அங்கிருந்து பேருந்தில் புத்தூர் வழியாகப் போகும் தூரத்தில் இருக்கிறது. விசைத்தறிகள் நிறைந்த ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் ஊர்.

அந்த ஊரின் ஆணையர் ஒரு தை மாதத்துக் காலையில் தொலைபேசியில் அழைத்தார். என் மகன் வயதுடையவர். எனக்குப் பின் வந்தவர். ஆயினும் என் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார். அரசிடமிருந்து சுற்றறிக்கை ஒன்று வந்திருப்பதாகவும், பிரிவில் எவருக்கும் அது பிடிபடவில்லை என்றும், நான் ஒருமுறை வந்து பார்க்க இயலுமா என்றும் கேட்டார். ஊதியம் தருவதாகச் சொன்னார். பயணப்படி போதும் என்றேன்.

சுற்றறிக்கை சொன்னது இதுதான். ஓர் ஊர் காற்றில் விடும் கரியமில வாயுவிலிருந்து, அது ஏதேனும் ஒரு வழியில் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் வாயுவைக் கழித்தால் மிச்சம் பூஜ்யமாக வேண்டும். நாடு இரண்டாயிரத்து எழுபதுக்குள் அந்நிலையை எட்டுவதாக அறிவித்திருக்கிறது. ஆகவே பட்ஜெட்டில் உள்ள ஒவ்வொரு செலவும் அந்த வாயுவைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று காட்டும் அறிக்கை ஒன்றைப் பட்ஜெட்டோடு இணைத்து மன்றத்தில் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றும் நகராட்சிகளுக்குச் சூரிய மின்சாரப் பணிகளில் மாநிலம் பங்கு தரும்.

இதை என் மனைவியிடம் விளக்கினேன். அந்த வருஷத்துக்கு நீங்கள் இருக்கமாட்டீர்களே, யாருக்கு ஜவாப் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டாள். கணக்கு எழுதுகிறவன் தான் இல்லாத ஆண்டுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்றேன்.

"சரி, காலையில பனி கீது. மஃப்ளர் எடுத்துக்கினு போங்க" என்றாள்.

பிரிவில் இருந்தவர்கள் கணினியில் வல்லவர்கள். ஆனால் அறிக்கையைத் தொடங்கச் சொன்னபோது அனைவரும் ஒரே இடத்தில்தான் தொடங்கியிருந்தார்கள்: மரம் நடுதல். ஆண்டுதோறும் விழா எடுத்து நடப்படும் கன்றுகளுக்கான தொகையை மேலே போட்டு, அதன் எதிரே பசுமை என்று எழுதியிருந்தார்கள். நட்ட கன்றுகளுக்கு மறு ஆண்டு தண்ணீர் ஊற்றுவதற்கான தொகை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அப்படி ஒன்று இல்லை. அப்படியானால் இது விழாச் செலவு, மரச் செலவு அல்ல என்று சொல்லி, அதை வரிசையின் அடியில் இறக்கினேன்.

பட்ஜெட்டைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் நினைப்பது வேறு. அது தொகைகளின் பட்டியல் என்பார்கள். ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் ஒரே உண்மையான வாக்குமூலம் அதுதான் என்பது என் அனுபவம். மேடையில் எதை வேண்டுமானாலும் பேசலாம். தொகை ஒதுக்காத பேச்சு மறுநாள் இராது. ஆகவே நான் அறிக்கைக்கு வகுத்த விதி எளியது: ஒவ்வொரு தொகைக்கு எதிரேயும் ஒரு வேலை நிற்க வேண்டும், ஒவ்வொரு வேலைக்கு எதிரேயும் அதனால் குறையும் அல்லது கூடும் வாயு நிற்க வேண்டும். வேலை இல்லாத தொகைக்கும், தொகை இல்லாத வேலைக்கும் அதில் இடமில்லை.

அப்படிப் பிரித்தபோது தெரிந்தது வியப்பானது. எங்கள் நகராட்சியின் பெரும்புகை, புகையே வராத இடத்திலிருந்து வந்தது. குப்பை வண்டிகளின் டீசல் அல்ல; தெருவிளக்குகளும் அல்ல, அவை எல்இடிக்கு மாறியாயிற்று. குடிநீர்ப் பம்ப் ஹவுஸ்! ஆழ்குழாய்களில் நீர் கீழே போகப் போக, பழைய மோட்டார்கள் இரவும் பகலும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடின. அந்த மின்சாரத்துக்காக எங்கோ ஓர் ஊரில் நிலக்கரி எரிந்தது. என் பணிக்காலம் முழுவதும் மின்கட்டணம் என்ற ஒரே வரியில் அடங்கிப்போயிருந்த அந்தச் செலவை முதன்முறையாகப் பிரித்து எழுதினேன். மோட்டார்களை மாற்றவும், பம்ப் ஹவுஸின் காலி நிலத்தில் சூரியத் தகடுகள் நிறுத்தவும் தொகை ஒதுக்கி, அதை அறிக்கையின் தலையில் வைத்தேன். மாநிலப் பங்கு வந்தால் மட்டுமே அது நடக்கும். அது வரவேண்டுமானால் மார்ச் மாதக் கூட்டத்தில் அறிக்கை நிறைவேற வேண்டும். அதற்கு மேல் தவணை இல்லை.

அறிக்கையைத் தெலுங்கில் நானே எழுதினேன். முகப்பில் வைக்கவேண்டிய சொல் நிகர பூஜ்யம் என்பதற்கு இணையான தெலுங்குச் சொல். நிகர என்பது இரு மொழிக்கும் பொது. அடுத்த சொல்லை எழுதும்போது நான் ஒரு நொடியும் தயங்கவில்லை. எங்கள் வீட்டில் பூஜ்யத்துக்குச் சுன்னம் என்றுதான் பெயர். தேர்வில் ஒன்றும் எழுதாமல் வந்தவனுக்குச் சுன்னம் வாங்கிவிட்டான் என்பார் என் தந்தை. தமிழ் அகராதியிலும் அச்சொல் இருக்கிறது. தெலுங்கு எழுத்தில் அழகாக, அழுத்தமாக, நிகர சுன்னம் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதியபடியே அச்சாகி வந்தது. நானே மெய்ப்புப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணையும் இருமுறை கூட்டிப் பார்த்தேன்.

மன்றக் கூட்டம் காலையில் கூடியது. மார்ச் மாதத்திலேயே வெயில் ஏறியிருந்தது. உறுப்பினர்கள் நீள்வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். அதிகாரிகளுக்கு உரிய சுவரோர நாற்காலிகளில் ஆணையருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் தந்திருந்தார்கள். தலைவர் தெலுங்கில் வரவேற்று, ஓய்வு பெற்ற பின்னும் ஊருக்காக வந்து உழைத்த பெரியவர் என்று என்னைக் குறிப்பிட்டார். எழுந்து வணங்கி அமர்ந்தேன்.

நெசவாளர் வார்டின் உறுப்பினர் கை தூக்கினார். ஐம்பது வயதுப் பெண்மணி. வீட்டோடு சேர்ந்து சொந்தமாக விசைத்தறிகள் வைத்திருப்பவர். மன்றத்தில் அவர் வாயைத் திறந்தால் தலைவரே பேனாவைக் கீழே வைத்துவிடுவார் என்று என் காலத்திலேயே பெயர். அவருக்கும் எனக்கும் வீட்டுமொழி ஒன்று. மற்றவர்களுக்குப் புரியுமோ என்ற கவலையின்றி என்னிடம் தமிழிலேயே கேட்டார்.

"அண்ணா, மொதல் பக்கத்துலயே ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நிகர சுன்னம்னு போட்டுகிறீங்களே, இது வெத்தலைக்குத் தடவற சுன்னமா, செவுத்துக்கு அடிக்கற சுன்னமா?"

மன்றம் முழுவதும் சிரித்தது. நான் முகப்பைப் பார்த்தேன். அப்போதுதான் அந்தச் சொல்லைத் தெலுங்குக் கண்ணால் படித்தேன்.

தெலுங்கில் பூஜ்யம் சுன்னா. சுன்னம் என்றால் சுண்ணாம்பு. எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு, சொல்லின் இறுதியில் மகர ஒலிக்காக இடும் ஒரு சிறு வட்டம் மட்டுமே. அந்த வட்டத்துக்கும் தெலுங்கில் சுன்னா என்றே பெயர். அதாவது, சுன்னாவுக்குப் பின்னால் ஒரு சுன்னாவைச் சேர்த்தால் சுண்ணாம்பு ஆகிவிடும். நாட்டின் நிகர பூஜ்ய இலக்கை நான் நிகர சுண்ணாம்பு இலக்கு என்று அச்சடித்து மன்றத்தின் முன் வைத்திருந்தேன்.

எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர், உரக்கடை உரிமையாளர், இந்த வாய்ப்பை விடவில்லை. கணக்கு சார் ஒரு சுன்னாவைக் கூடுதலாகப் போட்டுவிட்டார், மற்றத் தொகைகளின் பின்னால் எத்தனை கூடுதலோ யார் கண்டது என்று தெலுங்கில் சொல்லி மேசையைத் தட்டினார். மறுபடியும் சிரிப்பு. நான் எழுந்து, தமிழில் சுன்னம் என்பது பூஜ்யத்தைக் குறிக்கும் பழஞ்சொல் என்று விளக்கினேன். இது ஆந்திரத்து நகராட்சி என்று அவர் நினைவூட்டினார். என் குடும்பம் இந்த மண்ணில் எத்தனை தலைமுறையாக உழுகிறது என்று சொல்ல நா எழுந்தது. சொல்லவில்லை. சபை மரியாதை ஒன்று இருக்கிறது.

அவர் சும்மா இருக்கவில்லை. தலைப்பே தவறான அறிக்கையை எப்படி நிறைவேற்றுவது, திருப்பி அனுப்புங்கள், திருத்தி அடுத்த கூட்டத்தில் வையுங்கள் என்றார். இரண்டொருவர் தலையசைத்தார்கள். அடுத்த கூட்டம் ஏப்ரலில். அதற்குள் மாநிலப் பங்கு வேறொரு ஊருக்குப் போய்விடும். மோட்டார்கள் இன்னும் பல ஆண்டுகள் அதே மூச்சோடு ஓடும்.

ஆணையர் என் பக்கம் சாய்ந்தார். "சார், ஒரு தப்பொப்பு ஒட்டிடலாமா? அடிச்சுக்கினு வர அஞ்சு நிமிஷம்தான். நிறைவேத்திடலாம்."

இளஞ்சிவப்பு நாக்கு என் கண்முன் வந்தது. பணியில் இருந்தபோது வராதது, ஓய்வுக்குப் பின் ஊர் அழைத்து வந்து செய்த வேலையில் வருகிறது. அச்சொல் தமிழில் சரி என்பதை நான் இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் தமிழில் சரி என்பதற்காகப் பம்ப் ஹவுஸை இழக்க முடியாது. பேனாவைத் திறந்து, சீட்டில் வரவேண்டிய வாசகத்தை எழுதத் தொடங்கினேன்.

"அண்ணா, இன்னா எழுதறீங்க?" என்றார் நெசவாளர் வார்டின் உறுப்பினர்.

தப்பொப்பு என்றேன்.

"சீட்டு ஒட்டாதீங்க. நீங்க எழுதினதே நல்லாத்தான் கீது. எனக்கு அந்தச் சுண்ணாம்பு வேணும்."

முதலில் அதுவும் கேலி என்றே எண்ணினேன். அவர் முகத்தில் கேலி இல்லை. தலைவரைப் பார்த்துத் தெலுங்கில் பேசத் தொடங்கி, பாதியில் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தார்.

"பம்ப் ஹவுஸ்ல தகடு போடறீங்க, சந்தோசம். எங்க வார்டுக்கு இதுல இன்னா கீது? முனிசிபாலிட்டிக்குச் சொந்தமான தறி ஷெட்டு கீதே, நீங்கதானே வாடகை வாங்கறீங்க, மேல சிமெண்ட் ஷீட்டு. மத்தியானம் உள்ள குந்தி சோறு துன்ன முடியல. வூட்டுக்கு வூடு ஏசி வாங்கிக்கினு கீறாங்க. கரண்ட் ஏறிக்கினே போவுது. நீங்க அங்க குறைக்கறத நாங்க இங்க ஏத்திக்கினு இருந்தா, உங்க சுன்னா எங்கேருந்து வரும்?"

கேள்வி நேர்மையானது, கணக்கும் சரியானது. கூரையில் வெள்ளை பூசினால் கட்டடத்தின் உள்ளே வெப்பம் குறையும் என்பது நான் அறியாததல்ல. அறிக்கை எழுதும்போதே அதை எண்ணிப் பார்த்து, தொகை இல்லை என்பதால் என் விதிப்படியே விட்டுவிட்டேன். தொகை இல்லாத வேலைக்கு இடமில்லை அல்லவா?

ஆனால் சுண்ணாம்பு என்ற சொல்லை அவர் சத்தமாகச் சொன்ன பிறகு, எனக்குள் வேறொரு பக்கம் திறந்துகொண்டது. இருக்கிறது! கட்டடப் பராமரிப்பு என்ற தலைப்பின் கீழே, எனக்கும் முந்திய காலத்திலிருந்து ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் வரி. வெள்ளையடித்தல். கொடியேற்றும் நாளுக்கு முன்பு, தெருவைப் பார்த்த மதிற்சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, அடியில் செம்மண் பட்டை போடுவோம். வருகிற பெரியவர்களின் கண்ணுக்காகச் செய்யும் செலவு. மறு மழையில் அது கரைந்துவிடும்.

ஆணையரிடம் அந்தத் தலைப்பைத் திறக்கச் சொன்னேன். தொகை இருந்தது. தலைவரின் அனுமதி பெற்று எழுந்தேன்.

"தலைவர் அவர்களே, மன்றம் ஒப்புக்கொண்டால் புதிதாக ஒரு ரூபாயும் தேவையில்லை. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைக் கூரைக்கு அடிக்கலாம். தலைப்பு அதேதான், தொகை அதேதான், வேலையின் இடம் மட்டும் மாறுகிறது. தறிக்கூடம், நகராட்சிப் பள்ளி, சந்தைக் கொட்டகை, சுகாதார நிலையம். தனியார் கூரைகளுக்குப் பொதுப்பணத்தைத் தர விதி இல்லை. அவற்றை நான் சேர்க்கவில்லை."

அதைத் தெலுங்கில்தான் சொன்னேன். ஒரு சொல்லும் பிசகவில்லை.

உரக்கடை உறுப்பினர் விடவில்லை. சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். காளவாயிலிருந்து. காளவாயில் கல்லைச் சுட்டால் புகை வராதா? புகையைக் குறைக்கும் பட்ஜெட்டில் புகை விட்டுச் செய்த பொருளா? கேள்வி கூர்மையானது என்பதில் அவருக்கே மகிழ்ச்சி. சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள்.

கல்லூரியில் சேருமுன் படித்த இரசாயனம் அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது. பள்ளியில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதியிருக்கிறீர்களா என்று அவரையே கேட்டேன். ஊதியிருப்பதாகச் சொன்னார். என்ன ஆயிற்று என்றேன். பால் போல் வெளுத்தது என்றார். ஏன் வெளுத்தது என்றேன். நம் மூச்சில் இருந்த கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டது என்று சபைக்கு விளக்கினேன். காளவாயில் கல் தன்னிலிருந்து விட்ட அதே வாயுவை, கூரையில் பூசிக் காயும்போது சுண்ணாம்பு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. காளவாயை எரித்த விறகின் புகை மட்டும் மிச்சம். அதை மறைக்க வேண்டாம், செலவுப் பக்கத்தில் எழுதுவோம். கூரையின் கீழே மிச்சமாகும் மின்சாரத்தை வரவுப் பக்கத்தில் எழுதுவோம்.

"விட்டதில் எடுத்ததைக் கழித்துப் பார்ப்பதற்குத்தான் நிகரம் என்று பெயர். இன்று காலையிலிருந்து இந்தச் சொல்லை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் முகப்பே அதைச் சொல்லியிருக்கிறது."

இந்த முறை சிரிப்பு வேறு வகையானது. தலைவரும் சிரித்தார். உரக்கடை உறுப்பினர் கைகளைக் கூப்பி, "பெத்தாயனா, மீரே கெலிச்சாரு" என்றார். பெரியவரே, நீங்கள்தான் வென்றீர்கள் என்று பொருள். அவருடைய பெருந்தன்மையையும் இங்கே பதிவுசெய்வது நியாயம்.

தலைப்பு என்னவாக இருக்கட்டும் என்று தலைவர் கேட்டபோது, நெசவாளர் வார்டின் உறுப்பினர் யோசிக்கவே இல்லை. "சுன்னந்தோ சுன்னாக்கு" என்றார். சுண்ணாம்போடு பூஜ்யத்துக்கு. மன்றம் அந்தத் தலைப்பையும், வெள்ளையடித்தலின் புதிய இடத்தையும் திருத்தமாக ஏற்று, பம்ப் ஹவுஸ் உட்பட முழு அறிக்கையையும் ஒருமனதாக நிறைவேற்றியது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். தப்பொப்பு என்பது எழுதியவனின் பிழையைக் காட்டுவது. திருத்தம் என்பது மன்றத்தின் உரிமை. அது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் போகும், புத்தகத்தில் ஒட்டப்படுவதில்லை. அன்று நடந்தது திருத்தம். பாதி எழுதிய சீட்டு வாசகத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் அதைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த வீட்டுக்காரரிடம் போனேன். ஓய்வு பெற்ற இரசாயனப் பேராசிரியர். சபையில் நான் சொன்னது சரிதானா என்று கேட்டேன். சரிதான், ஆனால் திரும்ப எடுத்துக்கொள்வது உடனே நடந்துவிடாது, பூச்சு கனமாக இருந்தால் உள்ளே போக நாளாகும் என்றார். அடுத்த அறிக்கையில் அதையும் ஒரு குறிப்பாகச் சேர்த்தேன். எவரும் கேட்கவில்லை, ஆனாலும் சேர்த்தேன்.

மே மாதத்தில் பணியைப் பார்வையிட வரச்சொல்லி அழைப்பு வந்தது. பம்ப் ஹவுஸில் புதிய மோட்டார்கள் இறங்கியிருந்தன. தகடுகளுக்குத் தூண்கள் நட்டிருந்தார்கள். பள்ளியின் மொட்டைமாடி கண்கூசும்படி வெளுத்திருந்தது. சாலையைப் பார்த்த மதிற்சுவரோ பல ஆண்டுகளில் முதன்முறையாகப் பாசி படிந்து கறுத்து நின்றது. அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு. வழக்கமாக நானும் அவர்களில் ஒருவனாக இருந்திருப்பேன். அன்று அந்தக் கறுத்த சுவர் எனக்கு அழகாகத் தெரிந்தது.

தறிக்கூடத்தில் நடுப்பகல் இடைவேளை. தறிகள் நின்றிருந்தன. வழக்கமாக அந்த நேரத்தில் வேப்பமரத்தடிக்கு ஓடுகிறவர்கள், அன்று தறிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்திருந்தார்கள். குளிர்ச்சி என்று சொல்லமாட்டேன். மே மாதம் மே மாதம்தான். ஆனால் உள்ளே உட்கார முடிந்தது. வார்டு உறுப்பினர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். சாப்பிட்டு முடித்த ஒருவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கூரைக்கு அடிச்ச சுண்ணாம்பு டப்பாவுல கொஞ்சம் மிச்சம் கீது. வெத்தலைக்குத் தரட்டுமா?" என்று கேட்டார் உறுப்பினர்.

அரசுப் பொருளைச் சொந்த உபயோகத்துக்கு எடுப்பதில்லை என்றேன். அங்கிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

அத்தோடு முடிந்தது என்றிருந்தேன். மறு ஆண்டு, அறிக்கை நன்றாக அமைந்திருக்கிறது என்று சித்தூரிலிருந்து மேலதிகாரிகள் அதை மாதிரியாக மற்ற நகராட்சிகளுக்கு அனுப்பினார்கள். எழுத்தை எழுத்தாகப் பார்த்துப் படியெடுக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் எவ்வளவு வலிமையானது என்பதைப் பணியில் இருந்தவர்கள் அறிவார்கள். ஒரு நகராட்சியில், வேலைகளையும் தொகைகளையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றியவர்கள், சுன்னம் என்ற சொல்லை மட்டும் அப்படியே வைத்துவிட்டார்கள். அது தலைப்பில் இருந்தது, தொகையும் எதிரே இருந்தது, மன்றமும் நிறைவேற்றிவிட்டது. ஆண்டு முடிவில் தணிக்கைக்கு வந்தவர் சுண்ணாம்பு எங்கே என்று கேட்டிருக்கிறார்.

அந்த ஊரின் கணக்கர் எனக்குத் தொலைபேசினார். குரலில் பதற்றம்.

"சார், உங்க பேப்பர்லேருந்துதான் எடுத்தோம். இது சுன்னாதான், சுன்னம் இல்லைன்னு ஒரு தப்பொப்பு ஒட்டிடட்டுமா?"

"ஒட்டவேண்டாம். உங்கள் ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறதல்லவா?" என்று கேட்டேன்.

"கீது சார்."

"மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்."

அடித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தணிக்கையாளர் ஏணி வைத்து ஏறிப் பார்த்துக் கையொப்பமிட்டாராம். அந்தப் புத்தகத்திலும் சீட்டு இல்லை.